ஒன்பது வாழ்த்துரையும் ஓர் அக்காவும்

இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் என்னோடு படிப்பித்த இக்னேசியஸ் ஒரு நாவல் எழுதினார். எழுதியதோடு நின்றிருந்தால் நிம்மதியாகக் காலத்தை ஓட்டியிருக்கலாம். அதை அச்சில் பார்க்க ஆசைப்பட்டார்.

ஆசைக்குக் காரணம் அவருடைய அக்கா ஜோசப்பின். அப்பா செத்த வருஷம், தம்பி படிக்கட்டும் என்று, காலையில் தோட்டத்து வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் போய் நின்றவர். பேர் பதிய வயதும் போதாது, உயரமும் போதாது. ஒரு கல்லைப் போட்டு அதன்மேல் ஏறி, அம்மாவின் சேலையால் கல்லை மறைத்துக்கொண்டு நின்றார். பெரிய கிளாக்கர் கல்லைப் பார்த்தும் பார்க்காததுபோல் பேரை எழுதிக்கொண்டார். இரக்கம் என்று நினைத்துவிட வேண்டாம், அப்போது கொழுந்தெடுக்க ஆள் போதவில்லை.

நாவலின் கடைசி அத்தியாயமே அந்தக் கல்தான். எழுபத்தாறில் அக்கா குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது, இனி அங்கேதான் குடியிருப்பு. கோச்சி, அதாவது ரயில், ஏறுமுன் அந்த அத்தியாயத்தைப் புத்தகத்திலிருந்து அக்காவுக்கு வாசித்துக் காட்டிவிட வேண்டும். இக்னேசியஸ் வேறெதையும் கேட்கவில்லை. அக்காவுக்கு எழுத்துத் தெரியாது.

ஹட்டனில் நல்லாசிப் பதிப்பகம் என்று ஒரு போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. போர்டுக்குப் பின்னால் கலியாணக் கார்டும் திருவிழா நோட்டீசும் அடிக்கிற ஒரு மெஷினும், முகிலன் என்பவரும் இருந்தார்கள். பெற்றவர்கள் மூக்கன் என்றுதான் பேர் வைத்தார்கள். இலக்கியத்துக்கு அது சரிப்படாது என்று அவரே மாற்றிக்கொண்டார்.

“கதைய இன்னும் வாசிக்கல மாஸ்டர். ஆனா ரொம்ப அருமையா இருக்கு” என்றார் முகிலன்.

அந்த மகிழ்ச்சியில் இக்னேசியஸ் ஒரு தப்புச் செய்தார். பங்குச் சாமியாரிடம் ஒரு வாழ்த்துரை வாங்கிப் போடலாமா என்று கேட்டார்.

“போடலாமே. ஆனா சாமியாரு படம் வந்தா மாரியம்மன் கோயில் தலைவரு கோவிச்சுக்குவாரு.”

கோயில் தலைவர் வந்தார். அவர் ஒரு யூனியன்காரர் என்பதால் மற்ற யூனியன் தலைவரும் வர வேண்டியதாயிற்று. இரண்டு பேருக்கும் பக்கம் ஒரே அளவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோட்டத்தில் அடிதடி வரும் என்றார் முகிலன். பிறகு கினிகத்தேனைக் கருவாட்டுக்கடை முதலாளி வந்து நாவலின் நடையழகைப் புகழ்ந்தார். ஓய்வுபெற்றிருந்த நம்முடைய பெரிய கிளாக்கர்கூட விடவில்லை. இப்படி ஒன்பது பேர், ஒன்பது படங்கள். படம் வந்தவர் கட்டுக்கட்டாகப் புத்தகம் வாங்குவார் என்பதுதான் முகிலனுடைய இலக்கியக் கொள்கை.

அது பேப்பர் தட்டுப்பாட்டுக் காலம். எதையாவது குறைத்தாக வேண்டும். வாழ்த்துரையைக் குறைத்தால் மனிதர்கள் கோபிப்பார்கள், கதை கோபிக்காது. முகிலன் யாரிடமும் சொல்லாமல் குறைத்துவிட்டார்.

கோச்சிக்கு முதல்நாள்தான் வெளியீட்டு விழா. ஒன்பது பேரும் பேசினார்கள். தங்களைப் பற்றித்தான் பேசினார்கள், அதையும் நீளமாகப் பேசினார்கள். அக்கா கடைசி வரிசையில், பெருநாளுக்குக் கட்டுகிற சேலையில் உட்கார்ந்திருந்தார். இக்னேசியஸ் மேடையில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பெரட்டு மணி அடிக்கிற இடத்தோடு கதை நின்றிருந்தது, கல் வருகிற அத்தியாயத்தையே காணோம்.

கூட்டம் கலைந்ததும் முகிலனைப் பிடித்தோம்.

“முடிவ வாசகர்களே யோசிச்சுக்கட்டும்னு விட்டேன் மாஸ்டர். இப்ப அதுதான் நாகரிகம்.”

“எங்கக்கா நாளைக்குக் கோச்சி ஏறுதுங்க.”

“அப்ப ரெண்டு பிரதி குடுத்தனுப்புங்க. இந்தியாவுலயும் நம்ம பதிப்பகம் பேரு தெரியட்டும்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆளை இரண்டு அறை அறைந்திருப்பேன். அதற்குள் பொன்னாடையோடு கருவாட்டு முதலாளி குறுக்கே வந்து, போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார். சிரித்தோம்.

மறுநாள் ஹட்டன் ஸ்டேசனில் ஒரே அழுகை. பெட்டிக்குப் பெட்டி கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, நான் வர்ற எடத்த வாசி.”

இக்னேசியஸ் கைக்கு வந்த பக்கத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, மனப்பாடமாக ஆரம்பித்தார். பெரட்டுக்களத்தில் பனி இறங்கியிருந்தது, அந்தப் பிள்ளை கல்லை உருட்டிக்கொண்டு வந்தது என்று சொல்லிப் போனார். அக்கா ஜன்னலால் கையை நீட்டிப் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“இது நம்ம பெரிய கிளாக்கரு படமில்ல?”

“ஆமாக்கா.”

“அப்ப நான் எங்க?”

நான் ஸ்டேசன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காவுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. தம்பியின் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

“அந்த ஆளு மூஞ்சியில என்னத்தத் தேடுற? பொஸ்தகத்த மூடிட்டுச் சொல்லு.”

மூடிவிட்டுச் சொன்னார். பாதி சொல்வதற்குள் விசில் ஊதிவிட்டது. சொல்லிக்கொண்டே கூட நடந்தார், பிறகு ஓடினார். பிளாட்பாரம் முடிந்தபோது, கதையில் அக்கா இன்னும் கல்லைவிட்டு இறங்கவில்லை.