ஆறு மணி நேரம் ஓடும் என்றேன்

அடி அண்ணாமலையில் பேட்டரி ஆட்டோ ஓட்டும் காசி மாமா எங்கள் தெருக்காரர். அவர் மனைவி ஜோதியம்மாளுக்கு நுரையீரல் சுருங்கும் நோய். இரண்டு வருடமாக மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். சவாரிக்குச் சவாரி மாமா வீட்டுக்கு வந்து அத்தையைப் பார்த்துவிட்டுத்தான் போவார். "மலைய சுத்தச் சொன்னா பொண்டாட்டிய சுத்துறான்" என்று ஸ்டாண்டில் கிண்டல் செய்வார்கள்.

மின்தடை நாட்களில் அவர் வண்டியே எடுப்பதில்லை. ஆனால் அந்த முறை ஒரு குடும்பத்துக்கு மலையைச் சுற்றிக்காட்ட ஒப்புக்கொண்டிருந்தார். ஒன்பது முதல் இரண்டு வரை கரன்ட் இருக்காது என்று முந்தின நாள் தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, நீதான் பிசிக்ஸ் படிச்சவனாச்சே. இன்வெர்ட்டர் பேட்டரில மெஷின் எம்மா நேரம் ஓடும்?"

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். இப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவன். பேட்டரி மேல் இருந்ததைப் படித்தேன்: பன்னிரண்டு வோல்ட், நூற்றைம்பது ஆம்பியர் மணி. நொடிக்கணக்கில் மாற்றினால் ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் கூலூம் மின்னூட்டம். அதை வோல்ட்டால் பெருக்கினால் பேட்டரி செய்யக்கூடிய வேலை: அறுபத்து நான்கு லட்சத்து எண்பதாயிரம் ஜூல். மெஷினுக்கு நொடிக்கு முந்நூறு ஜூல் வேண்டும். வகுத்தேன்.

"ஆறு மணி நேரம் மாமா. ஒரு மணி நேரம் ஜாஸ்தியாவே வருது."

"பாத்தியா ஜோதி, நம்ம தெருப் புள்ள!"

"நாளைக்காவது என் மூஞ்சியப் பாத்துக்கினு உக்காராம பொழப்பப் பாரு" என்றார் அத்தை, மூச்சு வாங்கியபடியே.

மறுநாள் பதினொன்றரைக்கே மெஷின் நின்றுவிட்டது. அத்தை போன் செய்திருக்கிறார். பேச்சு வரவில்லை, இரைப்புதான் கேட்டதாம். மலையின் மறுபக்கத்திலிருந்து மாமா வந்து சேர அரை மணி நேரம். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அத்தை போய்விட்டார்.

காரியம் முடிந்த பிறகுதான் அவர் முன்னால் போய் நிற்க முடிந்தது.

"பேட்டரி வாங்கி எத்தினி வருசம் ஆச்சுனு நான் கேட்டிருக்கணும் மாமா. பழசுல சார்ஜ் பாதிகூட நிக்காது."

மாமா சுவரைப் பார்த்துப் பேசினார்.

"ஏழு வருசம். அது உனுக்குத் தெரியாது. எனுக்குத் தெரியுமே மாப்ள. தெனம் ஆட்டோ பேட்டரியோட மல்லுக்கட்றவன் நானு. பழசு பாதி வழியில நிக்கும்னு தெரியும். படிச்ச புள்ள கணக்குப் போட்டுச் சொல்லுதே, நாம இன்னா கேக்கறதுனு வாய மூடிக்கினேன்."