லிஃப்ட் அக்காவின் ஸ்டேல்மேட்

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. அலுவலகம் இரண்டாவது மாடியில். நாங்கள் எல்லாரும் படியேறித்தான் போவோம். ஏன் என்று மேனேஜரைக் கேட்டால், உடம்புக்கு நல்லது என்பார்.

புகார் போன் எடுக்க இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருவரை எல்லாரும் லிஃப்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பாதி வழியில் மாட்டிக்கொண்டவர்கள் போனில் அலறும்போது அக்காவின் குரல் இம்மியும் ஏறாது. "பதறாதீங்க சார். காத்து வந்துட்டேதான் இருக்கும். கதவைத் தள்ளாம இருங்க. ஆள் கிளம்பியாச்சு." கிளம்பியாச்சு என்ற ஆள் எதிர் டேபிளில் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருப்பார்.

ஒரு போனுக்கும் அடுத்த போனுக்கும் நடுவில் அக்கா மேஜை டிராயரைத் திறப்பார். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு காந்தச் சதுரங்கப் பலகை. ஒரு சிப்பாயை எடுத்துப் பக்கத்துக் கட்டத்தில் வைப்பார். உதட்டைப் பிதுக்குவார். பழைய இடத்திலேயே வைத்துவிட்டு டிராயரைச் சாத்துவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கேட்டேன்.

"யார்கூடக்கா ஆடுறீங்க?"

"ஆடலடி. புதிர் கட்டுறேன்."

ஆடினால் அக்கா தோற்றுப்போவார். மருந்துக்கடை வைத்திருக்கும் அவர் வீட்டுக்காரர் மாத்திரை எண்ணிக்கொண்டே அவரைத் தோற்கடித்திருக்கிறார். எதிராளி என்று ஒருவர் வந்து உட்கார்ந்தாலே அக்காவுக்குப் பிடிக்காது. நாம் ஒன்று நினைத்தால் அந்த ஆள் வேறொன்றை நகர்த்திவைப்பார், அதில் என்ன அழகு இருக்கிறது என்பது அவர் கட்சி. புதிரில் அந்தத் தொல்லை இல்லை. காய்களை நாமே நிறுத்தலாம். வெள்ளை இரண்டு நகர்வில் செக்மேட் செய்ய வேண்டும், அதற்கு ஒரே வழிதான் இருக்க வேண்டும் என்று நாமே விதி வைக்கலாம்.

அப்படிச் சின்னச் சின்னதாய்க் கட்டிக்கொண்டிருந்தவர் ஒருநாள் ஸ்டேல்மேட்டில் போய் விழுந்தார். ராஜாவை யாரும் தாக்கவில்லை, ஆனால் அவன் தரப்பில் விதிப்படி நகர்த்தக்கூடிய காய் ஒன்றுகூட இல்லை என்றால் அது ஸ்டேல்மேட். ஆட்டம் சமன். ஜெயிக்கும் நிலையில் இருப்பவர்கள் அசந்துபோய்ச் செய்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளும் விஷயம் அது. அதை வேண்டுமென்றே, ஒரே நகர்வில், எத்தனை விதமாகச் செய்ய முடியும்? ஒரே நிலை, பல நகர்வு, எதைச் செய்தாலும் ஸ்டேல்மேட். கூடுதல் ராணி, மூன்றாவது குதிரை என்று ஏமாற்றக் கூடாது. புதிர்ப் பத்திரிகை ஒன்று இதற்குச் சாதனைப் பட்டியலே வைத்திருந்தது.

அக்கா அந்தப் பட்டியலில் இருந்த எண்ணிக்கையைத் தாண்ட நான்கு வருஷம் உழைத்தார். நடுவில் மேனேஜர் டிராயரைப் பார்த்துவிட்டு, "பணி நேரத்தில் பலகை விளையாட்டுகள் கண்டிப்பாகத் தடை" என்று நோட்டீஸ் ஒட்டினார். அக்கா பலகையை வீட்டில் வைத்துவிட்டு மனசுக்குள் கட்ட ஆரம்பித்தார். மனசைத் திறந்து பார்க்க மேனேஜரிடம் சாவி இல்லை. ஒரு புதன்கிழமை மத்தியானம், ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோன ஒரு வக்கீலைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்த அக்கா, பேச்சை நிறுத்திவிட்டு "மந்திரி!" என்றார்.

"எந்த மந்திரி? மந்திரிக்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று வக்கீல் போனில் பரபரத்தது எனக்கே கேட்டது.

பலகையில் பிஷப் என்கிற மந்திரிக் காயை ஒரு கட்டம் தள்ளி நிறுத்தினால் ஒரு வழி கூடுகிறது. நான்கு வருஷம் முரண்டுபிடித்த ஒன்று. பத்திரிகைக்கு அனுப்பினார். மூன்று மாதம் சரிபார்த்து, சாதனை என்று அச்சிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. மேனேஜர் தன் நோட்டீஸுக்குப் பக்கத்திலேயே அக்காவோடு எடுத்த போட்டோவை மாட்டினார். வீட்டுக்காரர் கடைக்கு வருகிற காய்ச்சல்காரர்களிடமெல்லாம் "என் வொய்ஃப் செஸ் சாம்பியன்" என்றார். மாமியார் மட்டும் விவரம் கேட்டார்.

"ஜெயிச்சியாம்மா?"

"இல்ல அத்தை. இது ஜெயிக்கிறது இல்ல."

"தோத்துட்டியா?"

"தோக்கறதும் இல்ல."

"ரெண்டும் இல்லாததுக்கா நாலு வருஷம்?"

அக்கா குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு ஒரு சங்கம் உண்டு. சங்கத்துக்கு ஒரு செயலாளர் உண்டு. தண்ணீர்த் தொட்டி கழுவினால்கூட அதற்கொரு திறப்பு விழா வைக்கும் மனிதர். அவர் சும்மா இருப்பாரா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கீழ்த்தள ஹாலில் பாராட்டு விழா. நானும் போயிருந்தேன். பேனரில் "உலக சதுரங்க ராணி" என்று எழுதி, மூலையில் தபால்தலை அளவுக்கு அக்கா படம். மீதி இடமெல்லாம் செயலாளர் சிரித்துக்கொண்டிருந்தார். பாராட்டினால் மட்டும் போதாது, ராணியோடு ஒரு கண்காட்சி ஆட்டமும் உண்டு என்று மைக்கில் அறிவித்தார். எதிராளி யார்? அவரேதான்.

"எனக்கு ஆட வராது சார்" என்று அக்கா கெஞ்சினார்.

"தன்னடக்கம்!" என்று செயலாளர் மைக்கில் சொல்ல, நாற்பது பேர் கை தட்டினார்கள்.

நடுவராக மூன்றாவது மாடிப் பல் டாக்டர் உட்கார்ந்தார். அந்தக் கட்டடத்தில் சதுரங்கம் ஒழுங்காகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆட்டம் தொடங்கி ஐந்தாவது நிமிஷமே பல்வலி வந்தவர் போலக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அக்காவைவிட மோசமாக ஆடும் ஒருவர் உலகத்தில் உண்டென்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. செயலாளர் சங்கக் கூட்டத்தை நடத்துவது போலவே ஆடினார். கேட்காமல் ராணியை முன்னால் அனுப்பினார், அவள் வெட்டுப்பட்டதும் "பரவாயில்லை, பார்த்துக்கலாம்" என்றார். கோட்டை போயிற்று, குதிரை போயிற்று. கடைசியில் அவருடைய ராஜா ஒரு மூலையில் தன்னந்தனியாக நின்றான். அக்காவிடம் ராணி, ஒரு கோட்டை, ஒரு குதிரை, மூன்று சிப்பாய். ஒரே நகர்வில் செக்மேட். பல் டாக்டருக்குத் தெரிந்தது. எனக்கே தெரிந்தது.

அக்கா நகர்த்தவில்லை.

கன்னத்தில் விரல் வைத்துப் பலகையையே பார்த்தார். ஐந்து நிமிஷம். எட்டு நிமிஷம். செயலாளருக்கு வேர்த்தது. பின்வரிசையில் வீட்டுக்காரர், "ராணியை இறக்கும்மா, ராணியை!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார். அக்காவின் உதடு எதையோ எண்ணுவது போல அசைந்தது. முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. பிறகு குதிரையை எடுத்து, சண்டைக்குச் சம்பந்தமே இல்லாதது போல ஒரு கட்டத்தில் மெதுவாக வைத்தார்.

பல் டாக்டர் எழுந்தேவிட்டார். "ஸ்டேல்மேட்" என்றார்.

செயலாளர் நீண்ட நேரம் தன் ராஜாவுக்கு வழி தேடினார். வழியில்லை என்று தெரிந்ததும் மைக்கைப் பிடுங்கி, "உலக சாதனையாளரோடு நான் டிரா!" என்று முழங்கினார். ஹாலே அதிர்ந்தது. எல்லாரும் அவருக்குக் கை கொடுத்தார்கள். பூங்கொத்தையும் அவரே வைத்துக்கொண்டார்.

மறுநாள் அலுவலகத்தில் விடாமல் கேட்டேன். "ஜெயிச்சிருக்கலாமேக்கா! ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"செக்மேட்டு எங்கேயும் போயிடாதுடி. அந்த இடத்துல ஒரே நகர்வுல ஏழு ஸ்டேல்மேட் இருந்துச்சு. நெஜ ஆட்டத்துல, தானா வந்தது! நாலு பார்க்கவே அசிங்கம். ரெண்டு பரவாயில்ல. குதிரை மட்டும்..." என்று சொல்லி நாக்கைச் சப்புக்கொட்டினார்.

செயலாளர் பெயர் பொறித்த பலகை கீழ்த்தளத்தில் ஏறியது. அக்காவின் சாதனை ஐந்து மாதத்தில் இறங்கியது. வேறொரு நாட்டில் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருக்கும் ஒருவர் இன்னும் ஒரு வழி கூட்டிவிட்டார். பத்திரிகை வந்த அன்றைக்கு அக்கா மத்தியானம் சாப்பிடவில்லை. வருத்தமாக்கும் என்று நினைத்தேன். சிப்பாய்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். சிப்பாய் வெட்டினால்தான் பக்கத்து வரிசைக்குப் போக முடியும். கப்பல்காரரின் கறுப்புச் சிப்பாய்கள் அங்கங்கே நிற்க வேண்டுமானால் ஏழு வெள்ளைக் காய்களை வெட்டியிருக்க வேண்டும். பலகையில் காணாமல்போன வெள்ளைக் காய்கள் ஆறுதான். எந்த நிஜ ஆட்டத்திலும் வர முடியாத நிலை, ஆகவே செல்லாது.

பத்திரிகைக்கு எழுதினால் சாதனை அன்றைக்கே திரும்பிவந்திருக்கும். அக்கா கப்பல்காரருக்கு எழுதினார். ஒரு சிப்பாயை எங்கே தள்ளினால் சரியாகும் என்பதையும் சேர்த்து எழுதினார். கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது.

"உங்க இடத்தை நீங்களே தூக்கிக் குடுக்கிறீங்களே!"

"அவ்வளவு நல்ல வேலைடி அது. ஒரு சிப்பாயால வீணாப் போகணுமா?"

கப்பல்காரரின் பதில் வர இரண்டு மாதம் ஆனது. நன்றி சொல்லிவிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து இன்னொன்று கட்டலாமா என்று கேட்டிருந்தார். இப்போது துறைமுகத்துக்குத் துறைமுகம் ஒரு கடிதம் வருகிறது. வீட்டுக்காரர் கடையில் "என் வொய்ஃப் கப்பல் கம்பெனிக்கு ஆலோசகர்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கடைசியாக வந்த கடிதத்தில் கப்பல்காரர் ஒரு குதிரையை நகர்த்தச் சொல்லியிருந்தார். அது தப்பு என்கிறார் அக்கா. ஏன் தப்பு என்று மூன்று நாளாக எனக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார். நடுவில் போன் அடித்தால்தான் எனக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது.