பச்சையம்மாள் கோத்த காகித மணிகள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, லோபாக் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. பச்சையம்மாளின் மகள் செல்வி. "கிராணியம்மா, அம்மா போயிட்டாங்க" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே விட்டுவிட்டேனே என்ற பதற்றம்தான் முதலில் வந்தது. பதினாறாம் நாள் கொடுக்கும் நினைவு மலருக்கு இரண்டு வார்த்தை எழுதித் தரும்படி அவள் கேட்டாள். இரண்டு வார்த்தையில் அடங்காது. பொறுத்துப் படியுங்கள்.

பச்சையம்மாள் என்னைவிட மூன்று வயது மூத்தவர். கோலா சாவா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அவர் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார். என் கணவர் அங்கே கணக்கெழுதும் கிராணி. அந்த ஒரு காரணத்தால் நான் அவரை "நீ, வா, போ" என்றேன். அவர் என்னை "நீங்க" என்றார். "அவர்" என்று நான் சொல்வதே இந்தக் காகிதத்தில்தான்.

ஜப்பான்காரன் காலம் அது. வெள்ளைக்காரத் துரைமார் ஓடிவிட்டார்கள். அரிசி கண்ணில் படாது. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. பச்சையம்மாளின் கணவர் மாரிமுத்துவைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துப்போய்விட்டார்கள். இடுப்பில் இரண்டு வயது செல்வி. அப்போதுதான் அவர் மணி செய்ய ஆரம்பித்தார். காகிதத்தை ஒரு முனை கூராக வரும்படி நீளமாக வெட்டி, துடைப்பத்து ஈர்க்கில் இறுக்கிச் சுருட்டி, மரவள்ளிமாவுக் கஞ்சியால் ஒட்டுவார். மஞ்சள் நீரிலோ மங்குஸ்தீன் தோல் சாற்றிலோ முக்கியெடுத்து, முந்திரிப் பிசின் பூசிக் காயவைத்தால் பளபளவென்று இருக்கும். இடையிடையே சட்டைப் பொத்தான், பால் டின்னில் வெட்டிய தகர வளையம். கோப்பதற்குக் கிழிந்த சாக்கிலிருந்து உருவிய நூல். பக்கத்து மலாய்க்காரர் கம்போங்கில் கல்யாணம் என்றால் அந்த மாலைகளைக் கொடுத்து முட்டையும் கருவாடும் வாங்கி வருவார். "வீட்டுல தூக்கிப் போடறதுக்கு ஒண்ணும் இல்ல கிராணியம்மா, எல்லாம் கோக்கறதுக்குத்தான்" என்பார்.

என் கணவரிடம் ஒரு வெள்ளைக் கோட்டு இருந்தது. பச்சையம்மாளிடம் துவைக்கப் போய்த் திரும்பி வந்தபோது அதில் ஒரு பொத்தான்கூட இல்லை. கேட்டதற்கு அவர் முகம் மாறவில்லை. "ஓடிப்போன துரைக்குப் போட்டுக் காட்டின கோட்டுதானே ஐயா, இப்ப காத்தாட இருக்கட்டும்லா" என்றார். கோபப்பட வாயெடுத்த என் கணவர் சிரித்துவிட்டார். அந்தப் பொத்தான் மாலைக்குக் கிடைத்த முட்டையில் இரண்டை எங்கள் வீட்டிலும் கொடுத்துவிட்டுப் போனார்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. சயாமிலிருந்து காய்ச்சலோடு தப்பி வந்த ஒருவர், மாரிமுத்து கொடுத்தனுப்பிய ஒரு சீட்டை என் கணவரிடம் ஒப்படைத்துவிட்டு, லாபுவில் இருந்த தன் சொந்தக்காரர்களைத் தேடிப் போனார். அங்கே போன இரண்டாம் நாள் இறந்தும் போனார். அடுத்தவர் கடுதாசி என்று என் கணவர் சீட்டைப் பிரிக்கவில்லை. காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு எல்லாரும் வந்து நிற்கும்போது பச்சையம்மாள் கையில் கொடுக்கலாம் என்று மேசை இழுப்பறையில் வைத்தார். என்னிடமும் சொல்லவில்லை. விடிந்தபோது அவருக்கே மலேரியா. போர்வைக்குள் பிதற்றிக்கொண்டிருந்தார்.

அன்று பார்த்துப் பச்சையம்மாள் வாசலில் வந்து நின்றார். "பழைய காகிதம் இருந்தா குடுங்க கிராணியம்மா. கம்போங்குல பெரிய கல்யாணம், நெறைய மாலை கேக்கறாங்க." உள்ளே கணவர் முனகுகிறார், அடுப்பில் கஞ்சி பொங்குகிறது. வந்த எரிச்சலில் இழுப்பறையைத் திறந்து, துரை காலத்துக் காகிதங்களோடு கையில் அகப்பட்டதையெல்லாம் அள்ளிக் கொடுத்தேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் நான் பார்க்கவில்லை.

நான்காம் நாள் காய்ச்சல் விட்டு எழுந்த கணவர் சீட்டைத் தேடினார். அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. பச்சையம்மாள் குடியிருந்த லயத்து வீட்டுக்கு ஓடினேன். மாலைகள் எல்லாம் கம்போங்குக்குப் போய்விட்டிருந்தன. ஒன்று மட்டும் துணிக்கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பச்சையம்மாள் அதை எடுத்து என் கழுத்தில் போட்டு, "காகிதம் குடுத்த மகராசிக்கு" என்றார். அந்த மாலையோடு வீட்டுக்கு வந்தேன். ஒரு மணியைக் கழற்றித் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்துப் பார்த்தேன். கூழாகிப் போனது. "இப்பச் சொன்னா மனசு ஒடிஞ்சுபோவா. அடுத்த சீட்டு வராமலா போகும்?" என்றார் கணவர். வரவில்லை. மாரிமுத்துவும் வரவில்லை.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். "எழுதத் தெரிஞ்ச மனுசன்லா, நாலு வரி போட்டா கை தேஞ்சா போயிரும்? அங்கயே ஒருத்தியச் சேத்துக்கிட்டு இருப்பாரு" என்று அவர் சொல்லிச் சொல்லித் திட்டியதைக் கேட்காதவர் உங்களில் யார்? செல்வியின் கல்யாணப் பத்திரிகைக்கு நான்தான் முகவரி எழுதினேன். "சயாமுக்கும் ஒண்ணு எழுதுங்க கிராணியம்மா" என்றவர், உடனே, "வேணாம் விடுங்க, அந்த மனுசன் பதில் போடப்போறதில்ல" என்றார். கூடியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதலில் பயந்தேன். பயம் தெளிந்தபோது, இத்தனை நாள் கழித்துச் சொல்வதா என்று வெட்கமாகிவிட்டது. என் கணவர் இறந்த பிறகு இது தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற சௌகரியமும் சேர்ந்துகொண்டது. போன மாதம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். மூச்சு வாங்கியது, வாய் மட்டும் ஓயவில்லை. "மேல போனதும் அந்தாளப் புடிச்சு நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கப்போறேன்லா" என்றார். இப்போதாவது சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. நர்ஸ் மிஸ்ஸி மருந்து கொண்டுவந்தாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

செல்வி, உன் அப்பா உங்களை மறந்தவர் இல்லை. அந்த மாலை என்னிடம் இருக்கிறது. அன்றைக்குப் பிறகு நான் அதைப் போட்டுக்கொண்டதே இல்லை. அவர் எழுதிய வரிகள் அதில் இருக்கின்றனவா, கம்போங்கில் யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் கழுத்தோடு போய்விட்டனவா, எனக்குத் தெரியாது. பதினாறாம் நாள் அம்மாவின் படத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கிறேன். அது உனக்குச் சேர வேண்டியது. நூலில் ஒரு மணி குறைந்த இடம் இருக்கும். நான் ஊறவைத்துக் கூழாக்கிய மணி அது. அந்தக் குறை மட்டும் என்னோடு இருக்கட்டும்.

உயிரோடு இருந்தவரை ஒருநாளும் முறை வைத்துக் கூப்பிடாதவள், இப்போது கூப்பிடுகிறேன். அக்கா, அங்கே அவரைப் பார்த்தால் திட்டாதீர்கள். அவர் எழுதினார்.