மகஜர் எழுதியவள்

எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். கிருஷ்ணகிரியில் எட்டாவது வரை படித்துவிட்டு, குருபரப்பள்ளிக்குப் பக்கத்து ஊரில் மூத்த மருமகளாக வாழ்க்கைப்பட்டேன். மூன்று வருஷம் கழித்து என் கொழுந்தனுக்கு ஜவளகிரிப் பக்கத்திலிருந்து பெண் எடுத்தார்கள். கைநாட்டுதான். ஆனால் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் அவள் வாயில் தண்ணீராய் ஓடும். வந்த ஆறு மாதத்துக்குள் தெருவே அவளைச் சுற்றி நின்றது. என்னிடம் கடிதம் படிக்க வருகிறவர்கள்கூட, படித்து முடித்ததும் எழுந்து அவளிடம் போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

அந்த நாளில்தான் பெரிய ரோட்டை மண் கொட்டி உயர்த்தினார்கள். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர் ரோட்டுக்கு அடியில் இருந்த மோரி வழியாகத்தான் பள்ளத்துக்குப் போக வேண்டும். கொட்டிய மண் சரிந்து அந்த மோரியின் வாய் தூர்ந்துபோனது. அந்த ஐப்பசியில் தண்ணீர் திரும்பி எங்கள் தெருவுக்குள் வந்தது. இடுப்பளவு. ராகி மூட்டைகள் ஊறி முளைவிட்டன. மூன்று வீட்டுச் சுவர் சரிந்தது. எங்கள் எதிர்வீட்டுக் கறவை மாடு கட்டுத்தறியிலேயே செத்தது.

ஆண்கள் பஞ்சாயத்து பிரசிடெண்டிடம் போனார்கள். "ரோடு நம்முளது இல்லப்பா, ரோடு ஆபீசுல கேளுங்க" என்றார். ரோடு ஆபீசில், "ஏரித் தண்ணிக்கு நாங்க என்ன பண்றது?" என்றார்கள். இரண்டு தடவை அலைந்துவிட்டு ஆண்கள் விட்டுவிட்டார்கள்.

விடாதவள் என் ஓரகத்திதான். வீடு வீடாகப் போய்ப் பெண்களைச் சேர்த்தாள். "அக்கா, நீங்க மனு எழுதுங்க. நாங்க எல்லாம் ரேகை வைக்கறோம்" என்றாள். இரண்டு நாள் உட்கார்ந்து, நான்கு முறை கிழித்துப் போட்டு, அந்த மகஜரை எழுதினேன். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. அதை எடுத்துக்கொண்டு பெண்கள் பன்னிரண்டு பேர் தாலுகா ஆபீசுக்கு நடந்தோம். அங்கே வாசலிலிருந்த சேவகனிடம் கன்னடத்திலும், உள்ளே இருந்த குமாஸ்தாவிடம் தெலுங்கிலும் பேசி வழி பிடித்தவள் அவள். நான் காகிதத்தை நீட்டியதோடு சரி.

ஊர் திரும்பியதும், "சின்னவ என்னமா பேசுறா!" என்றார்கள். மகஜரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு.

ஒரு மாதம் கழித்து கார்டு வந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஓவர்சியர் நேரில் வந்து பார்ப்பார் என்று எழுதியிருந்தது. ஓரகத்தி ஓடி வந்து, "எத்தனை மணிக்கு வர்றாராம்க்கா?" என்று கேட்டாள்.

"மத்தியானம் மூணு மணிக்கு" என்றேன்.

அந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு திருத்தவும் இல்லை. செவ்வாய் காலையில் அவள் மேட்டுக்காட்டுக்குக் களையெடுக்கப் போகும் வரை காத்திருந்து, பிறகு வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கூப்பிட்டேன். "சின்னவ எங்க?" என்றார்கள். "வந்துருவா" என்றேன்.

ஓவர்சியர் சைக்கிளில் வந்தார். நான் மகஜரின் நகலை விரித்துப் படிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது வரியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது ஆபீஸ்ல படிச்சாச்சும்மா. மோரி வாய் எங்க இருக்குது, அது காட்டுங்க."

எனக்குத் தெரியவில்லை. சரிவு முழுக்க உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. வெள்ளம் வந்தபோது நான் பரண்மேல் உட்கார்ந்திருந்தவள். அங்கே இறங்கிப் பார்த்ததே இல்லை. ஒரு இடத்தைக் காட்டினேன். அது வெறும் மேடு. அவர் சைக்கிளைத் திருப்பினார். "இப்ப தண்ணியே இல்லையே. மழைல பாக்கலாம்."

அதற்குள் எதிர்வீட்டுக்காரி மேட்டுக்காட்டுக்கு ஓடியிருந்தாள். ஓரகத்தி களைக்கொத்தோடு மூச்சிரைக்க வந்து, சைக்கிளுக்கு முன்னால் நின்று தெலுங்கில் ஏதோ சொன்னாள். அவர் இறங்கினார். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரிவில் இறங்கி, செடியை வெட்டி விலக்கி, களைக்கொத்தின் காம்பை மோரிக்குள் விட்டுக் காட்டினாள். ஒரு சாண்கூட உள்ளே போகவில்லை. அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, டேப்பைப் பிடித்து அளந்து எழுதிக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியில் அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

அடுத்த சித்திரையில் பழைய மோரியை இடித்துவிட்டு, ஆள் குனிந்து போகிற அளவுக்குப் பெரிதாகக் கட்டினார்கள். பிரசிடெண்ட் அவள் கையால் தேங்காய் உடைக்கச் சொன்னார். நான் கூட்டத்தில் பின்னால் நின்றேன்.

ஐப்பசியில் ஏரி வழிந்தது. தெருவே ரோட்டுமேல் ஏறி நின்று பார்த்தது. செங்காவித் தண்ணீர் மோரிக்குள் நுழைந்து மறுபக்கம் பள்ளத்தில் இறங்கி ஓடியது. தெருவுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அன்னிக்கு மணிய நான்தான் மாத்திச் சொன்னேன்."

"தெரியும்க்கா. ஓவர்சியர் வந்துட்டுப் போன அன்னிக்குச் சாயங்காலமே, கார்டுல ஒம்பது மணின்னுதான் இருந்துச்சுன்னு தபால்காரர் சொல்லிட்டாரு."

"பின்ன ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க கோவிச்சுக்குவீங்க. அப்பறம் மனு எழுத நான் யார்கிட்ட போவேன்?" என்று சிரித்தாள். "தெருச் சாக்கடைக்கு ஒண்ணு எழுதணும். நாளைக்கு எழுதலாமா?"

எழுதினேன். அவளுக்கு இத்தனை சுலபமாக மனசு ஆறிவிட்டதே என்று, அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.