நூற்று எண்பத்திரண்டு நாள் இயக்குநர்

இந்தியக் கம்பெனிச் சட்டத்தின் நூற்று அறுபத்தெட்டாவது பிரிவு மிகவும் நாகரிகமானது. ஓர் இயக்குநருக்கு விலக விருப்பம் வந்தால் அதை எழுத்தில் தெரிவித்தால் போதும். கடிதம் நிறுவனத்தின் கைக்குக் கிடைத்த நாளிலோ, அவரே அதில் குறிப்பிட்ட நாளிலோ, எது பிந்தியதோ அன்று அவர் விலகியவர் ஆகிறார். யாருடைய சம்மதமும் வேண்டாம், யாரும் கண் கலங்கவும் வேண்டாம். கோலாலம்பூரில் நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அலுவலகத்தில் தலை நரைக்கும்வரை உட்கார்ந்திருந்து ஓய்வுபெற்றவன் நான். மற்றவர்களுக்குப் பழைய பாட்டைக் கேட்டால் வரும் சுகம் எனக்கு இப்படி ஒரு பிரிவைப் படித்தால் வரும். இந்தப் பிரிவு எனக்குப் பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தாமல் போன கதையை என் ஊரான கிள்ளானில் இருக்கும் நண்பர்களுக்கும், என்னைப்போல் பாட்டன் நாட்டுக்கு முதலீட்டின் பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்கும் எழுதிவைக்கிறேன்.

இங்கே உத்திரமேரூரில் என் காலை ஒரு கட்டைவிரலோடு தொடங்கியது. மின்சார ஸ்கூட்டர்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் சிறிய தொழிற்சாலை. வாசலில் வருகைப் பதிவு இயந்திரம். நாற்பது பெண்கள் வரிசையில் நின்று விரல் வைப்பார்கள், கடைசியில் நான் வைப்பேன். அவர்கள் வைப்பது வேலைக்கு வந்ததைக் காட்ட. நான் வைப்பது இந்த நாட்டில் இருப்பதைக் காட்ட. பாஸ்போர்ட் முத்திரையே போதும் என்று எத்தனை சொல்லியும் கிள்ளானில் இருக்கும் நிறுவனத்தின் கூட்டாளிகளுக்குத் தினமும் ஓர் அத்தாட்சி வேண்டியிருந்தது. முதல் வாரத்தில் பெண்கள் சிரித்தார்கள். “டைரக்டரே பன்ச் வச்சிக்கினு கீறாரு, அப்போ யாருதான்டி மொதலாளி?” என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி.

முதலாளி தியாகு, என் மனைவி இந்திராணியின் தம்பி. ஷா ஆலாமில் வாகன உதிரிபாகப் பட்டறை வைத்து நன்றாகவே சம்பாதித்தவன். கோலாலம்பூர் ஓட்டல் ஒன்றில் இந்தியாவில் முதலீடு செய்வது பற்றி ஒரு கூட்டம் நடந்தது, அதற்கு என்னையும் அழைத்துப் போனான். திரையில் வரைபடங்கள் ஏறிக்கொண்டே போயின. வளரும் பொருளாதாரம், இளம் மக்கள்தொகை, மின்வாகனம், சூரிய ஒளி, மருந்து, உணவு பதனிடல். உற்பத்தித் துறைக்கு நூறு சதவீதம் அந்நிய முதலீடு, அதுவும் தானியங்கி வழியில், முன் அனுமதி இல்லாமல். தியாகு என் தொடையில் தட்டி, “மாமா, தானா நடக்குமாம் லா!” என்றான், நம் ஊர் ‘லா’வோடு. பணத்தைப் பொறுத்தவரை அது உண்மைதான். பணம் எல்லையைத் தாண்டிய பிறகு அதன் பக்கத்தில் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை எந்தப் படமும் காட்டவில்லை. அது நூற்று நாற்பத்தொன்பதாவது பிரிவில் இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைந்தது ஓர் இயக்குநர் ஒரு நிதியாண்டில் நூற்று எண்பத்திரண்டு நாளாவது இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். படிப்பு வேண்டாம், அனுபவம் வேண்டாம், குடியுரிமைகூட வேண்டாம். உடம்பு இங்கே இருந்தால் சரி.

அந்த வேலைக்கு வைத்திருந்த சென்னைக்காரர் ஏப்ரலிலேயே விலகிவிட்டார். செப்டம்பர்வரை ஆள் தேடிய தியாகு கடைசியில் என் வீட்டு வரவேற்பறைக்கு வந்தான். என்னிடம் வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளி அட்டை இருந்தது, ஓய்வூதியம் இருந்தது, அவன் கணக்கில் எனக்கு வேலையும் இல்லை. “ஆறு மாசந்தானே மாமா இருக்கு, கணக்கு சரியா வருமா?” என்று கேட்டான். அங்கேதான் நான் தவறினேன். விரல்விட்டு எண்ணினேன். அக்டோபர் முப்பத்தொன்று, நவம்பர் முப்பது, டிசம்பரும் ஜனவரியும் முப்பத்தொன்று, பிப்ரவரி இருபத்தெட்டு, மார்ச் முப்பத்தொன்று. மொத்தம் நூற்று எண்பத்திரண்டு. ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. “அக்டோபர் முதல் தேதி அங்கே இருந்தால் போதும்” என்று பெருமையாகச் சொன்னேன். அதன் மறுபக்கத்தை விமானத்தில்தான் யோசித்தேன். மார்ச் முப்பத்தொன்றுவரை ஒரு நாள்கூட நான் வெளியே போக முடியாது. இந்தப் பூட்டை எனக்கு வேறு யாரும் செய்து தரவில்லை.

நான் கிளம்பிய மாதம்தான் இந்திராணிக்கு முழங்கால் மாற்று அறுவைக்கு அரசு மருத்துவமனையில் தேதி கொடுத்திருந்தார்கள். வீட்டில் ஆறு வாரம் துணைக்கு ஆள் வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. எங்கள் மகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள், ஆகவே அந்த ஆள் நான். தேதியைத் தள்ளிவைத்தோம். நவம்பரில் புதிய தேதி வந்தது, பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. இதையும் தவறவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அந்த விதி எனக்குத் தெரியும், நானும் அப்படி எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். இந்திராணி அப்போது குளியலறைக்கே ஊன்றுகோலோடு போய்க்கொண்டிருந்தாள். தொலைபேசியில், “உன் தம்பிதானே, நீயே சொல்லேன்” என்றேன். “அவன் எனக்கும் பதில் போடறதில்லை. நான் பங்குதாரர் இல்லையே” என்றாள்.

அன்றே விலகல் கடிதம் எழுதினேன். முறைப்படி அது நிறுவனத்தின் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும். பதிவு அலுவலகம் என்பது தொழிற்சாலையில் நான் உட்கார்ந்திருந்த அறை. தபால் நிலையத்துக்கு நடந்துபோய் ஒப்புதல் சீட்டோடு ஸ்பீட் போஸ்டில் சேர்த்தேன். இரண்டு நாள் கழித்துத் தபால்காரர் ஏகாம்பரம் அதை என்னிடமே கொண்டுவந்தார். உறையை முன்னும் பின்னும் திருப்பினார்.

“சார், அனுப்பனதும் நீங்க, வாங்கறதும் நீங்க. மேச மேல வச்சிக்கினு போயிருக்கலாமே?”

“வைச்சா கிடைச்சதுக்கு அத்தாட்சி இல்லையே.”

“இன்னா சார் இது பேஜாரு! உங்களையே நீங்க நம்ப மாட்டீங்களா?”

கையெழுத்துப் போட்டேன், நிறுவனத்தின் முத்திரையைக் குத்தினேன். நாகரிகமான அந்தப் பிரிவின்படி நான் அந்த நிமிடமே விடுதலையானேன். நகலைக் கிள்ளானுக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதாகவும் மாற்று ஆளை நியமித்ததாகவும் இயக்குநர் குழு ஒரு பதில் எழுதும்படி கேட்டேன். பதில் வரவில்லை. தொலைபேசியில் கேட்டால், “பார்த்தேன் மாமா. கொஞ்சம் பொறுங்க லா, ரெண்டாவது முதலீடு வர்ற நேரம்” என்பான் தியாகு. ஒரு படிவத்தை நானே அரசுக்கு அனுப்பிவிட்டு விமானம் ஏறலாம், சட்டம் அதற்கும் வழி வைத்திருக்கிறது. ஆனால் வங்கிக் கணக்கில் இங்கே கையெழுத்துப் போடும் ஒரே ஆள் நான். நான் பெயரை எடுத்தால் ஏழாம் தேதி நாற்பது பெண்களுக்குச் சம்பளம் போகாது. விதி என்னை விட்டுவிட்டது. ஏழாம் தேதி விடவில்லை.

அந்த வாரங்களில் இந்த ஊர் எனக்கு மிகச் சிறியதாகிவிட்டது. அறை, தொழிற்சாலை, சாப்பாட்டுக் கடை. எல்லோரும் தமிழ் பேசும் ஊரில் தமிழன் ஒருவன் இவ்வளவு அந்நியனாக இருக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை. நம் ஊர் வழக்கப்படி ஒரு காலை லைன் மேற்பார்வையாளர் எஸ்தரிடம், “பசியாறியாச்சா?” என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் முகம் மாறி, “எங்க வூட்ல சோத்துக்குக் கொறச்சல் இல்ல சார்” என்றாள். நான் கேட்டது நாஷ்டா ஆயிற்றா என்றுதான் என்று புரிந்த பிறகு மதியம்வரை சிரித்தாள். அவளுக்கு முப்பத்தைந்து வயது தாண்டியிருக்கும். அம்மாவும் அப்பாவும் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். ஒயர் கட்டில் எந்த நிறம் இடம் மாறியிருந்தாலும் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். கணக்குப் புத்தகத்தில் தவறைக் கண்டுபிடிக்க எனக்கு மூக்குக்கண்ணாடி வேண்டும், அவளுக்கு அதுவும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது போகாமல் கோயில் சுவரில் இருக்கும் கல்வெட்டைப் பார்க்கப் போவேன். ஊர்ச்சபையில் உட்கார யாருக்குத் தகுதி என்று சோழர் காலத்தில் வெட்டிவைத்தது. வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது வேண்டும். தொழில்முறையில் சொல்கிறேன், அருமையான வரைவு. அதன்படி எனக்கு வயது ஒன்றுதான் தேறும். எஸ்தருக்கும் அப்படித்தான். நம் காலத்துச் சட்டம் எவ்வளவோ தாராளம், இங்கே இருந்தால் போதும் என்கிறது. அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்கு அது உறைத்தது. இந்த நாட்டைவிட்டு ஒரு நாளும் வெளியே போயிராத நாற்பது பேரோடு நான் தினமும் விரல் வைக்கிறேன். தியாகுவோ கிள்ளானில் உட்கார்ந்து இந்தியாவில் ஆள் கிடைக்கவில்லை என்கிறான்.

எஸ்தரை இயக்குநராக்கலாம் என்று தியாகுவிடம் சொன்னேன். “லைன்ல நிக்கிற பொண்ணா போர்டுல?” என்று கத்தினான். “தகுதியின்மை எந்தப் பிரிவில் வருகிறது, சொல்” என்றேன். இணைப்பைத் துண்டித்துவிட்டான். பிறகு எஸ்தரிடம் சொன்னேன், மதியச் சாப்பாட்டு நேரத்தில், மற்றவர்கள் கேட்கும்படியாகவே.

“அதுக்கு இன்னா படிச்சிருக்கணும் சார்?”

“ஒண்ணும் வேணாம். வருஷத்துல நூத்து எண்பத்திரண்டு நாள் இந்தியாவுல இருக்கணும்.”

“நான் பொறந்ததுலேருந்து இங்கதான கீறேன்!”

பக்கத்தில் இருந்தவள், “ஏ எஸ்தரு, மீட்டிங்குக்கு இன்னா பொடவ கட்டப் போற?” என்றாள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன். அடுத்ததைச் சொல்லாமல் விட்டிருந்தால் பிப்ரவரிக்குள் நான் கிள்ளானில் இருந்திருக்கலாம். நிறுவனம் எதையாவது கட்டத் தவறினால், ஏதாவது ஒரு படிவம் பொய்யாகப் போனால், நோட்டீஸ் அவள் பெயருக்கு வரும் என்றேன். தியாகு கடல் கடந்து இருப்பான். தேடி வருகிறவர்களுக்குக் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும் ஆள் என்பதுதான் இந்தப் பதவியின் உண்மையான பொருள்.

எஸ்தர் டிபன் டப்பாவை மூடினாள். “அப்போ நீங்க வெளிய போவணும்னா நான் உள்ள வரணும்.”

“ஆமா.”

“நான் வரலன்னா?”

“வேற யாராவது வரணும். இல்லாட்டி நான் இங்கயே இருப்பேன்.”

“மொதல்ல ஒரு சார் இருந்தாரு, போயிட்டாரு. நீங்களும் போவீங்க. அப்பால இன்னொருத்தர் வந்து போவாரு. கம்பெனி மூடிக்கினு போனா நாங்கதான் மறுபடி நடவுக்குப் போவணும். நோட்டீஸ் வந்தாலும் வராட்டியும் மாட்டிக்கினு கீறது நாங்கதான சார்? பேர்ல கீறது நல்லதுதான். ஆனா தமிழ்ல எழுதித் தராத எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்.”

என் பழைய அலுவலகத்தில் எத்தனையோ இயக்குநர்களைப் பார்த்திருக்கிறேன். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று சொன்னவர்களை எண்ண ஒரு கை போதும். தமிழ் நகலோடு, வழக்கு வந்தால் செலவை ஏற்கும் இயக்குநர் பொறுப்புக் காப்பீடும் அவளுக்கு வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். “யார் மாமா அந்தப் பொண்ணுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தது?” என்றான் தியாகு. நான்தான் என்றேன். அவனுக்கும் வேறு வழியில்லாமல் போனது. சென்னையில் காசுக்கு இயக்குநராக உட்காருவதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் கேட்ட உத்தரவாதப் பத்திரம் எஸ்தரின் நிபந்தனைகளைவிட நீளமாக இருந்ததாம். ஜனவரியில் சரி என்றான், வாய்வார்த்தையாக.

அதன்பின் காகிதங்கள். பள்ளிச் சான்றிதழில் அவள் பெயர் ஈஸ்வரி. வீட்டிலும் தேவாலயத்திலும் எஸ்தர். ஓர் அட்டையில் ஒன்று, இன்னொன்றில் மற்றது. “ஏன் ரெண்டு பேர்?” என்று கேட்டேன். “ஆபீசுக்கு ஒண்ணு, ஆண்டவருக்கு ஒண்ணு. அது பெரிய கத சார்” என்றாள். சாதிச் சான்றிதழுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவில் மனிதர்கள் இங்கே எப்படி இரண்டாகப் பிரிந்து வாழ்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அவள் ஈஸ்வரியாகவே கையெழுத்துப் போடுவது என்று முடிவானது. அட்டைகளைத் திருத்தி, விண்ணப்பித்து, திரும்பி வந்து, மறுபடி விண்ணப்பித்தோம். எல்லா நடைமுறையும் தெரிந்தவன் பக்கத்தில் இருந்தும் ஒரு நாள்கூடக் குறையவில்லை. நடைமுறை தெரிந்தவனுக்கு, எவ்வளவு காலம் ஆகும் என்பது மற்றவர்களைவிடச் சீக்கிரம் தெரிந்துவிடும். அவ்வளவுதான் சலுகை.

பிப்ரவரியின் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. முந்தைய வாரமே இந்திராணி, “தேதியை விடப் போறதில்லை. பக்கத்து வீட்டு மிசஸ் லிம் வந்து தங்கறாங்க. உங்க அறையைக் கொடுத்துட்டேன்” என்று சொல்லிவிட்டாள். துணைக்கு இருப்பவரின் பெயர் எழுதும் கட்டத்தில் அவர் பெயரை எழுதினாளாம். அன்று காலை வழக்கம்போல் விரல் வைத்துவிட்டு அலுவலக அறையில் உட்கார்ந்திருந்தேன். எஸ்தர் தேநீர் கொண்டுவந்து வைத்து, “அம்மாவுக்கு ஜெபம் பண்ணிக்கினோம் சார், லைன்ல எல்லாரும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். மாலையில் கட்டுப்போட்ட முழங்காலின் படம் வந்தது. மறுநாள் குரலும் வந்தது.

“நீங்க இல்லாம நடக்காதுன்னு நானும் நினைச்சேன், நீங்களும் நினைச்சீங்க. நடந்துடுச்சி.”

“வலிக்குதா?”

“வலி இருக்கு. பயம் போயிடுச்சி.”

எனக்கு அது நல்ல செய்தியாகத்தான் இருந்திருக்க வேண்டும். மார்ச் நடுவில் அவள் ஊன்றுகோல் இல்லாமல் சமையலறைவரை நடந்தாள். நான் எப்போது வரட்டும் என்று கேட்டேன். மிசஸ் லிம் வீட்டில் பழுதுபார்க்கும் வேலை நடக்கிறதாம், ஏப்ரல் கடைசிவரை அவர் எங்கள் வீட்டில்தான் என்றாள். “மே மாசம் வாங்களேன். ரெண்டு பேருக்கும் அவசரம் ஒண்ணும் இல்லையே?” அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அன்றே பயணச்சீட்டு எடுத்திருப்பேன்.

மார்ச் முப்பதாம் தேதி இயக்குநர் குழு காணொளியில் கூடி எஸ்தரை நியமித்து, வங்கிக் கையெழுத்தையும் அவளுக்கு மாற்றியது. முப்பத்தொன்றாம் தேதியோடு என் நூற்று எண்பத்திரண்டு நாளும் முடிந்தது. மறுநாள் காலை தொழிற்சாலைக்குப் போக வேண்டியதில்லை என்பதை மறந்து சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். ஏகாம்பரம் நான் தங்கியிருந்த அறை வாசலில் வந்து நின்றார். “இந்த தபா நீங்க அனுப்பல சார்” என்று உறையை நீட்டினார். உள்ளே தமிழில் நான்கு வரி. தங்கள் விலகல் கடிதம் கிடைத்தது, நிறுவனம் அதை ஏற்றுப் பதிவு செய்துகொண்டது, தாங்கள் இனி இங்கே தங்கியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கீழே, அழுத்தி எழுதிய கையெழுத்து: ஈஸ்வரி, இயக்குநர். ஒப்புதல் சீட்டில் என் முகவரி எழுதும் இடத்தை அவள் காலியாக விட்டிருந்தாள், ஆளைத் தெரிந்ததால் ஏகாம்பரம் கொண்டுவந்துவிட்டார். கிள்ளானையா, இந்த அறையையா, எதை எழுதுவது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. ஏகாம்பரம் பேனாவை நீட்டிக்கொண்டு நின்றார். எனக்கும் தெரியாததால் தேதியை மட்டும் எழுதிக் கொடுத்தேன்: ஏப்ரல் 1.