பதினேழில் பத்தாவது ஆள்

வளைகுடாப் பாலைவனத்தில், ருவைஸிலிருந்து சிலா போகிற நெடுஞ்சாலையில் இடப்பக்கம் ஒரு மண்சாலை பிரியும். அதில் பதினேழு கிலோமீட்டர் உள்ளே போனால் அந்த ஊர். ஊர் என்று நாமாகச் சொல்லிக்கொள்வதுதான். வரைபடத்தில் பெயர் கிடையாது, கம்பெனிக் காகிதத்தில் வெறும் கேம்ப். இருந்தவர்கள் 'பதினேழு' என்றார்கள். "பதினேழுக்கு எப்ப வந்தே?" என்று கேட்டால் புது ஆள் தன் வயதைக் கேட்கிறார்களோ என்று விழிப்பான்.

இருபத்தெட்டுத் தகர அறைகள், ஒரு மெஸ், தொழுகைக்கு ஓர் அறை, கீழக்கரை கௌஸ் முகைதீன் நடத்திய மளிகைக்கடை ஒன்று. கடையை எல்லோரும் பக்காலா என்பார்கள். குழாய் பதிக்கும் வேலை நடந்த நாட்களில் முந்நூற்று நாற்பத்தாறு பேர் அங்கே இருந்தார்கள். எண்ணிக்கை துல்லியம். எண்ணியவர் பன்னீர்செல்வம்.

ஜெயங்கொண்டம் பக்கத்து மனிதர். தொண்ணூற்று நாலில் மண் வெட்ட வந்தார். ஒரு கோடையில் முதுகு பிடித்துக்கொண்டது. நல்ல கையெழுத்து என்பதால் கேட்டில் உட்கார வைத்தார்கள். அதிலிருந்து அவர் வேலை ஒன்றுதான். காலை நாலரைக்குப் பஸ் வந்து நிற்கும். வாசல் படியருகே நின்று ஏறுகிறவர்களை எண்ணுவார். கேட்டில் கருப்புப் பெயிண்ட் அடித்த ஒரு தகரப்பலகை. மேலே 'ஸ்ட்ரெங்த்' என்று எழுதியிருக்கும். அதன் கீழே சாக்பீஸால் அன்றைய தொகையை எழுதுவார். அதையே கம்பெனியின் முசஃபா ஆபீசுக்குப் போனில் சொல்வார். அந்தத் தொகைக்குத் தக்கபடி அரிசி வரும், கேஸ் வரும், டேங்கரில் தண்ணீர் வரும். ஸ்ட்ரெங்த் என்றால் பலம் என்றும் ஓர் அர்த்தம் உண்டென்று யாரோ சொன்னபோது பன்னீர்செல்வம் நம்பவில்லை. ஆள்கணக்குக்கு அதுதான் இங்கிலீஷ் என்றே நினைத்திருந்தார்.

இரண்டாயிரத்து நாலில் மனைவி பூவாயி இறந்தபோது போய்விட்டு வந்தார். பிள்ளைகள் இல்லை. வீடு தம்பி மக்கள் கைக்குப் போயிருந்தது. அதன்பின் லீவு கேட்கவில்லை. போய் யார் வாசலில் பெட்டியை இறக்குவது? பதினேழில் அவருக்கு ஒரு கட்டில் இருந்தது, நாலரை மணி இருந்தது.

இரண்டாயிரத்து எட்டு முடிகிற நேரத்தில் பலகையில் எண்கள் இறங்கத் தொடங்கின. துபாயில் ஏதோ கட்டடங்கள் பாதியில் நிற்கின்றன என்றார்கள். அதற்கும் மண்ணுக்குள் போகிற குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் விளக்கவில்லை. பஸ் போகும்போது நிறைந்து போகும், வரும்போது வேறு கேம்புக்குப் பாதி ஆட்களை விட்டுவிட்டு வரும். முடிவெட்டுகிற ராஜஸ்தான்காரன் போனபின் ஆளுக்கு ஆள் வெட்டிக்கொண்டார்கள். இருநூற்றுப் பத்து. எழுபத்தாறு. மெஸ்ஸில் மேஜைகள் மணல் படிந்து கிடந்தன. யாரோ அதில் விரலால் பெங்காலியில் ஒரு பெயரை எழுதிவிட்டுப் போயிருந்தான். இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் பலகையில் பதினொன்று.

அப்போதுதான் ஆபீஸில் ஆள்கணக்குப் பார்க்கிற ஸ்ரீனிவாசன் போனில் சொன்னார்: "பன்னீர்செல்வம், மேனேஜ்மெண்ட் முடிவு பண்ணிட்டாங்க. பத்துக்குக் கீழ போனா கேம்ப் க்ளோஸ். பத்து இருந்தாத்தான் டேங்கர் அனுப்புவோம்."

அடுத்த வாரம் இரண்டு நேபாளிகளை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை படியருகே நின்று எண்ணினார். ஒன்பது. பஸ் புகை கக்கிக்கொண்டு நின்றது. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற நேரம் டிரைவருக்குப் பொறுக்கவில்லை. "யல்லா, பாய்!" என்று அவசரப்படுத்தினான். பன்னீர்செல்வம் பலகையில் பத்து என்று எழுதினார்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஜெயசீலன் எட்டிப் பார்த்தான். நாங்குநேரிக்காரன், புல்டோசர் ஓட்டுகிறவன், வாய் சும்மா இருக்காது.

"அண்ணாச்சி, ஒம்பது பேருல்லா ஏறியிருக்கோம். பத்துன்னு போட்டிருக்கீரு?"

"என்னய விட்டுட்டியா? நான் ஆளு இல்லயா?"

"அடேங்கப்பா! பதினஞ்சு வருசம் களிச்சு இன்னைக்குத்தான் கண்ணாடி பாத்தீராக்கும்!"

பஸ்ஸுக்குள் சிரிப்பு எழுந்தது. பன்னீர்செல்வமும் சிரித்தார். ஆனால் பஸ் போனபின் பலகை முன்னால் வெகுநேரம் நின்றார். உண்மைதான். அவர் எண்ணும்போதெல்லாம் பஸ்ஸுக்கு வெளியே நின்றார். முந்நூற்று நாற்பத்தாறும் அவர் இல்லாத முந்நூற்று நாற்பத்தாறு.

பத்து என்று பத்தொன்பது நாள் ஓடியது. டேங்கர் வந்தது. கௌஸ் முகைதீன் கடையில் பாலில்லாத சுலைமானி டீ குடித்துக்கொண்டே பன்னீர்செல்வம் கணக்குச் சொல்வார்: "நா ஒருத்தன் போதும் பாய், ஊரு நிக்கும்."

"நிக்கட்டும் நிக்கட்டும். எங் கடையில ஒங்க பத்துப் பேரு வாங்குறத விட ஈ மொய்க்கிறது கூட."

இருபதாம் நாள் போனில் ஸ்ரீனிவாசன் குரல் மாறியிருந்தது. "ஒன்பது பேர்தான் என் லிஸ்ட்ல இருக்கு. பத்தாவது யாரு? பேர் சொல்லுங்க."

"நான்தான் சார். பன்னீர்செல்வம்."

"நீங்க கேம்ப் ஸ்ட்ரெங்த்ல வர மாட்டீங்களே. ஆபீஸ் ஸ்ட்ரெங்த்ல இருப்பீங்க. லைன்ல இருங்க."

காகிதம் புரளும் சத்தம். யாரிடமோ எதையோ கேட்கும் சத்தம். பன்னீர்செல்வம் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார்.

"ஆபீஸ்லயும் பேர் இல்லையே," என்றார் ஸ்ரீனிவாசன். "ரெண்டாயிரத்து ஏழுல லேபர் கார்டு புதுப்பிக்கணும், கேம்ப்ல இருக்கிற எல்லார் பேரும் அனுப்புங்கன்னு கேட்டோம். உங்க கையெழுத்துல வந்த லிஸ்ட்தான் இது. முந்நூத்தி நாப்பத்தாறு பேர். உங்க பேர் எங்க?"

அந்தப் பட்டியல் அவருக்கு நினைவிருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து எழுதியது. ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. கௌஸ் முகைதீன் கூடப் பார்த்துவிட்டு, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது என்றார். அறை அறையாகப் போய் ஒவ்வொருவனையும் எழுப்பிப் பெயர் கேட்டு எழுதினார். தன் அறையில் யாரையும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை.

"அப்போ என் கார்டு?"

"ரெண்டு வருஷமா செத்துப்போன கார்டுங்க அது."

அவர் சம்பளம் மெஸ் செலவோடு சேர்ந்தே வந்துகொண்டிருந்ததால் கார்டு செத்தது இருபக்கமும் யாருக்கும் தெரியவில்லை. பதினேழில் யாரும் யாரிடமும் கார்டு கேட்பதில்லை.

வியாழக்கிழமை பஸ் வந்தது. நாலரைக்கு அல்ல, பத்து மணிக்கு. ஸ்ரீனிவாசனே இறங்கினார், கழுத்தில் ஈரத் துண்டு, கையில் ஒரு தாள். கேம்ப் க்ளோஸ், எல்லோரும் துபாயில் சோனாப்பூர் கேம்புக்கு என்றார். பெயர் வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொருவனாகப் பெட்டியோடு ஏறினான். பன்னீர்செல்வமும் பெட்டியைக் கட்டி வைத்திருந்தார். படியருகே நிற்கக் கூடாது என்று நினைத்து வரிசையின் கடைசியில் போய் நின்றார். ஒன்பதாவது பெயர் ஜெயசீலன். தாள் மடிந்தது.

"சார், என்னய?"

ஸ்ரீனிவாசன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான், அதனால் நேராகப் பார்க்க முடியவில்லை. "கார்டு இல்லாத ஆளை வண்டில ஏத்தினா கம்பெனிக்குக் கேஸ். உங்க பாஸ்போர்ட் எந்த ஃபைல்ல இருக்குன்னு தேடச் சொல்லியிருக்கேன். ரூமையெல்லாம் தூக்க லாரி வரும்ல, அதுவரைக்கும் நீங்க இங்கயே பாத்துக்கங்க. கூப்பிடறேன்."

"லாரி எப்ப வரும்?"

"வரும்."

ஜெயசீலன் படியில் நின்று குனிந்தான். வழக்கம்போல வாய் முந்திக்கொண்டது. "ஒம்பதப் பத்தாக்கப் பாத்தீரு அண்ணாச்சி. கடைசில பத்தாக்கா இல்லன்னுல்லா ஆயிட்டு."

லேபர் கார்டை அங்கே எல்லோரும் பத்தாக்கா என்றுதான் சொல்வார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஜெயசீலன் தன் சாப்பாட்டுப் பொட்டலத்தை அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தான். ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

பஸ் நகர்ந்தபோது பன்னீர்செல்வத்தின் உதடுகள் தாமாக எண்ணின. ஒன்பது.

மாலைக்குள் கௌஸ் முகைதீனும் கடையை ஏறக் கட்டினார். மூன்று அரிசி மூட்டை, சோப்புப் பெட்டிகள், தராசு எல்லாம் பிக்கப்பில் ஏறின. ஸ்டியரிங்கில் உட்கார்ந்தவர் இறங்கி வந்தார்.

"பன்னீரு, வந்து ஏறுங்க. சாமானோட சாமானா போயிருவோம்."

"ரோட்டுல செக்கிங் இருக்கே பாய்."

"இருக்கு."

"புடிச்சா உங்க வண்டியும் போவும்ல."

போகும் என்பது இருவருக்கும் தெரியும். இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் பன்னீர்செல்வம் ஏறியிருப்பார். அதுவும் இருவருக்கும் தெரியும். கடைக்காரர் இரண்டு பை குப்பூஸ் ரொட்டியையும் ஒரு பெட்டி மத்தி மீன் டின்னையும் மண்ணில் இறக்கி வைத்தார். "சாவி கதவுலயே இருக்கு," என்றார், உள்ளே எதுவுமில்லாத கடையைக் காட்டி. பிக்கப்பின் தூசி மண்சாலையில் ரொம்ப நேரம் அடங்காமல் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் நாலரைக்கு விழிப்பு வந்தது. கேட்டுக்குப் போய்ப் பலகையைத் துடைத்தார். ஒரு கோடு இழுத்தார். கை பழக்கத்தில் பக்கத்தில் ஒரு வட்டம் போட வளையப் பார்த்தது, நிறுத்தினார். ஒன்று.

ஏழு மணிக்கு ஆபீசுக்குப் போன் போட்டார். எடுத்தது பழக்கமில்லாத ஒரு குரல்.

"பதினேழு கேம்ப். ஸ்ட்ரெங்த் ஒண்ணு."

"வோ கேம்ப் கலாஸ், பாய். மாஃபி ஸ்ட்ரெங்த்," என்றது குரல், அந்தக் கேம்ப் முடிந்துவிட்டது, ஸ்ட்ரெங்த்தே கிடையாது என்று. வைத்துவிட்டது.

தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஏறி மூடியைத் திறந்தார். உள்ளே இருட்டில் தன் தலை தெரிந்தது. குச்சியை விட்டு அளந்தார். பத்துப் பேருக்கு நாலு நாள் வரும். அப்படியானால் ஒருவனுக்கு நாற்பது நாள்.

மூடியை இறுக்கி மூடிவிட்டு, இறங்குமுன் சாலையைப் பார்த்தார். லாரி எதுவும் வரவில்லை. கீழே வந்து, குளிப்பதற்கு எடுத்து வைத்திருந்த காலிப் பக்கெட்டைக் கவிழ்த்து வைத்தார்.