மந்திரி ஆசை வந்த புடவைக்கடை முதலாளி

இன்னிக்கு ஆரணியில தங்கச்சி கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போனேன். புடவையப் பாக்க விடாம கடை முதலாளி அரசியல் பேசிகினே இருந்தாரு. ஒரே பேஜார்.

"எங்கள மாதிரி தொழில் பண்றவங்கள நேரா மந்திரி ஆக்கணுங்க. அரசியல் அனுபவம் எதுக்கு? இத்தன தறிக்கு வேல குடுக்கறேன், ஒருத்தர் கூட எதிர்த்துப் பேச மாட்டாங்க."

"பேசினா?"

"அடுத்த புடவை நெய்யப் பாவு நூல் குடுக்க மாட்டேன். தறி சும்மா கெடக்கும். தானா வழிக்கு வருவாங்க."

எனக்குக் கடுப்பாயிடுச்சு. "மந்திரியானப்புறம் ஒரு ஊரே எதிர்த்துப் பேசினா? தண்ணிய நிறுத்துவீங்களா?"

சிரிப்பாருன்னு பாத்தேன். மனுஷன் நெசமாவே யோசிச்சாரு.

"மொதல்ல கரண்ட்டுங்க."

புடவை எடுக்காமலே வந்துட்டேன். வீட்ல திட்டு வாங்கிகினு இருக்கேன். மந்திரி ஆசை இல்லாத முதலாளி கடை எதுனா தெரிஞ்சா ஜல்தியா சொல்லுங்கப்பா.